முன் சீட்டில் இருப்பவர்கள்

கேத்தரின் பேட்டர்சன் 1978இல் எழுதிய சிறுவர் நாவல் 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' தொடங்குவதே ஒரு காரில்தான். முன்னால் சமூகப் பணியாளர் மிஸ் எல்லிஸ். பின்னால் 11 வயது கில்லி. அமெரிக்காவின் மேரிலாந்தில் இன்னொரு வளர்ப்பு வீட்டுக்கு, அதாவது பெற்றோருடன் இருக்க முடியாத குழந்தையைத் தற்காலிகமாக வைத்து வளர்க்கும் வீட்டுக்கு, போகிறார்கள். மென்று முடித்த பபிள்கம்மைக் கதவுக் கைப்பிடிக்கு அடியில் ஒட்டி வைக்கிறாள் கில்லி, அடுத்துத் திறப்பவர் கையில் ஒட்டட்டும் என்று. குழந்தைகள் பாதுகாப்பு வேலையில் இருக்கும் எனக்கு எல்லிஸ்தான் முதலில் கண்ணில் பட்டார். அந்த முன் சீட்டு எங்களுடையது. "அவங்க ரொம்ப நல்லவங்க, உனக்குப் பிடிக்கும் பாரு" என்று நாங்களும் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வருவோம். குழந்தை வாயே திறக்காது. மடியிலிருக்கும் துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருக்கும்.

அம்மா இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஓடிப்போகப் பணம் திருடி, பஸ் நிலையத்தில் போலீசிடம் மாட்டுகிறாள் கில்லி. எங்கள் ஃபைலில் இது 'நடத்தைப் பிரச்சினை' என்று ஒரே வரியாகிவிடும். எல்லிஸ் அவளை வேறு இடத்துக்கு மாற்றப் பார்க்கிறார். வளர்ப்புத் தாய் டிராட்டர் விடுவதாக இல்லை.

சரி, தப்பித்தாள் என்று பார்த்தால், டிராட்டர் வீட்டைப் பற்றி இல்லாததும் பொல்லாததுமாக அவள் முன்பு அம்மாவுக்குப் போட்ட கடிதம் வேலையைக் காட்டுகிறது. பேத்தி இருப்பதே தெரியாத பாட்டி வர்ஜீனியாவிலிருந்து வந்து நிற்கிறார். ரத்த உறவு, நல்ல மனுஷி. நம் ஊரில் இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக்குழு உட்கார்ந்தாலும் பாட்டிக்குத்தான் ஆர்டர் போடும். நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். டிராட்டர் வீட்டுப் பொடியனுக்குக் கில்லி வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் எந்த ஆர்டரில் ஏறும்?

கடைசியில் அம்மா வருகிறாள், அதுவும் பாட்டி பணம் கொடுத்ததால். கில்லி டிராட்டருக்குப் போன் போட்டு, வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்கிறாள். இனிப் பாட்டி வீடுதான் உன் வீடு என்கிறார் டிராட்டர்.

வேலைக்குப் புதிதாக வருபவர்களிடம் இந்தக் கட்டத்தைச் சொன்னால் கோபப்படுவார்கள். "வான்னு சொன்னா என்ன மேடம்?" சொல்லலாம்தான். ஆனால் பழைய வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது என்று நினைக்கும் குழந்தை புது வீட்டில் ஒட்டாது. டிராட்டருக்கு அது தெரியும். அதற்காக அவர் போனைப் பட்டென்று வைத்துவிடவும் இல்லை. எங்கள் ஆட்கள் பலர் அதைத்தான் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது.