கொடுத்ததைச் சொல்ல வைத்த கதை

துபாயில் ஓர் அறக்கட்டளையில் மானியக் கணக்கு பார்ப்பது என் வேலை. ஜோர்டானிலும் லெபனானிலும் இருக்கும் அகதிப் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் கொடுக்கிறோம். வளைகுடாவிலும் ஜோர்டான் தலைநகர் அம்மானிலும் இருக்கும் வேறு சில அறக்கட்டளைகளும் இதையேதான் செய்கின்றன. ஆனால் யார் எந்த ஊரில், எந்தப் பள்ளிக்கு, எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. இதையெல்லாம் ஒரே பட்டியலாக்கலாம் என்று இயக்குநர்கள் ஒரு கூட்டத்தில் பேசி முடித்தார்கள். பட்டியல் போடும் வேலை என்னிடம் வந்தது. இதே வேலையில் இறங்கப்போகும் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எல்லாருக்கும் ஐஏடிஐ வடிவத்தில் ஒரு படிவம் போனது. 2008-ல் கானா நாட்டின் அக்ராவில் தொடங்கிய சர்வதேச உதவி வெளிப்படைத்தன்மை முயற்சியின் (ஐஏடிஐ) தரவு வடிவம் அது. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி அடையாள எண், தொடங்கும் தேதி, முடியும் தேதி, துறைக் குறியீடு (கல்வி, மருத்துவம் போன்ற துறைக்கான எண்), பணம் போன ஒவ்வொரு தவணை என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. நல்ல வடிவம்தான். ஆனால் பதிலாக வந்தவை மரியாதையான மின்னஞ்சல்கள் மட்டுமே. "இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்." அந்த வாரம் வரவில்லை.

மின்னஞ்சலை விட்டுவிட்டுப் போனில் பேச ஆரம்பித்தேன். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2022-லிருந்து அமீரகத்தில் சனி, ஞாயிறு விடுமுறை. ஜோர்டானிலும் குவைத்திலும் வெள்ளி, சனி. எல்லாரும் மேசையில் இருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். ரமலானில் அதையும் மறந்துவிட வேண்டும்.

பேசிய பிறகுதான் தயக்கம் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. தரவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மூத்த அறங்காவலர், வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்ற ஹதீஸைச் சொன்னார். தர்மத்தை மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது இன்னும் நல்லது என்ற குர்ஆன் வசனத்தையும் சொன்னார். அம்மானிலிருந்து இணைப்பில் இருந்த அம்மையார் ஒருவர், "உஸ்தாத், அதே வசனம் வெளிப்படையாகக் கொடுத்தாலும் நல்லதே என்றுதானே தொடங்குகிறது?" என்றார். சூரா அல்பகரா, 271-வது வசனம். பெரியவர் சிரித்துவிட்டார். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கொடுத்தவர் பெயர் தெரிய வேண்டியதில்லை; பணம் எந்த ஊருக்குப் போனது என்பதுதான் எங்களுக்குத் தேவை. கொடையாளர் பெயர் இருந்த பத்தியை (நெடுவரிசையை) அன்றே எடுத்துவிட்டோம்.

அடுத்தது பயம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, பயங்கரவாதத்துக்குப் பணம் போகிறதோ என்று வளைகுடா அறநிறுவனங்கள் மேல் விழுந்த சந்தேகம் லேசானதல்ல. சவூதியின் பெரிய அமைப்பான அல்ஹரமைன் 2004-ல் மூடப்பட்டது. நேர்மையான நிறுவனங்களின் பணமும் இன்றுவரை நடுவில் ஏதோ ஒரு வங்கியில் நின்றுவிடுகிறது. ஒரு சின்ன உள்ளூர் சங்கத்தின் பெயர் பட்டியலில் வந்து, அதை யாராவது தவறாகப் படித்தால் அந்தச் சங்கத்தின் வங்கிக் கணக்கே போய்விடும். வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் இரண்டு அடுக்காகப் பிரித்தோம். எங்கள் பணத்தில் வேலை செய்யும் உள்ளூர்ச் சங்கத்தின் பெயர் எங்களுக்குள் மட்டும். ஊர், துறை, தொகை, காலம் வெளியிலும் போகலாம். மாணவர்களின் பெயர்கள் எந்த அடுக்கிலும் கிடையாது. ஜோர்டானில் 2023-லேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, அது இல்லாவிட்டாலும் சேர்த்திருக்க மாட்டோம்.

மூன்றாவது காரணத்தை யாரும் எழுத்தில் தர மாட்டார்கள். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்தால் விண்ணப்பங்கள் குவியும். மூன்று பேர் வேலை பார்க்கும் அலுவலகத்தில் அது உண்மையான கவலைதான். இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

வேலை நகர்ந்தது வேறொரு வழியில். அமீரக அரசு, நாட்டிலுள்ள 40-க்கும் மேற்பட்ட கொடை அமைப்புகளிடம் ஆண்டுதோறும் வெளிநாட்டு உதவிக் கணக்கைக் கேட்டு வாங்குகிறது. பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழுவில் உறுப்பினராக இல்லாமலேயே திட்டவாரியாக அந்தக் குழுவுக்குக் கணக்குக் கொடுத்த முதல் நாடு அமீரகம், 2010-லேயே. ஆக, இங்குள்ள அறக்கட்டளைகளிடம் துறைக் குறியீடு உட்பட எல்லாம் தயாராக இருந்தன. ஜோர்டான் பக்கமும் அப்படித்தான். அங்கே ஒரு சங்கம் வெளிநாட்டுப் பணம் வாங்க அமைச்சரவை ஒப்புதல் வேண்டும். அந்த விண்ணப்பத்திலேயே திட்டம், தொகை, இடம் எல்லாம் எழுதியாக வேண்டும். எங்கள் படிவத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, "அரசுக்கு ஏற்கனவே கொடுத்ததையே அனுப்புங்கள், மாற்றுவது எங்கள் பொறுப்பு" என்றோம். கோப்புகள் வர ஆரம்பித்தன.

அப்புறம் சுத்தம் செய்யும் வேலை. ஒரு கோப்பில் ஹிஜ்ரி (இஸ்லாமிய ஆண்டு) தேதி, இன்னொன்றில் ஆங்கிலத் தேதி. ஆங்கிலத் தேதியிலும் ஜனவரியை வளைகுடாவில் யனாயிர் என்பார்கள், ஜோர்டானிலும் லெபனானிலும் கானூன் அஸ்ஸானி. எண்கள் சிலவற்றில் கிழக்கு அரபு வடிவத்தில் (1, 2, 3 என்பதற்கு ١, ٢, ٣) இருந்ததால் எக்செல் அவற்றை எழுத்தாக எடுத்துக்கொண்டது. இதெல்லாம் பொறுமை இருந்தால் முடிந்துவிடும்.

பணத்தின் கதை வேறு. திர்ஹம், சவூதி ரியால், ஜோர்டான் தினார் மூன்றும் டாலரோடு கட்டப்பட்டவை. ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம், 3.75 ரியால், சுமார் 0.709 தினார். குவைத் தினார் பல நாட்டு நாணயங்களின் தொகுப்போடு கட்டப்பட்டது, கொஞ்சம் அசையும். தொல்லை லெபனான் பவுண்டில்தான். ஒரு டாலருக்கு 1,507.5 என்ற அதிகாரபூர்வ விகிதம் 2023 பிப்ரவரி வரை ஏட்டில் இருந்தது. சந்தையிலோ 2019-லிருந்தே சரிந்து, 2023-ல் 89,000-ஐத் தாண்டிவிட்டது. பவுண்டில் எழுதிய ஒரே மானியத்தை எந்த விகிதத்தில் போடுகிறோமோ அதற்கேற்ப அது பெருந்தொகையாகவும் தெரியும், ஒன்றுமில்லாததாகவும் தெரியும். கொடுத்தவரின் வங்கியிலிருந்து கிளம்பிய நாளில் இருந்த டாலர் தொகையை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தோம். அங்கே போய் அது என்ன வாங்கியது என்பது வேறு கேள்வி. அதற்கு எங்கள் பட்டியலில் பதில் இல்லை.

சர்வதேசப் படிவங்களில் இல்லாத ஒரு பத்தியை நாங்கள் சேர்த்தோம்: பணம் எந்த வகை? ஜகாத்தா (கட்டாயத் தர்மம்), சதக்காவா (விருப்பத் தர்மம்), வக்ஃபு (அறத்துக்கென்று எழுதிவைத்த சொத்து) வருமானமா, நிறுவன நன்கொடையா? மேல்நாட்டு ஆலோசகர் ஒருவர் இது எதற்கு என்று கேட்டார். ஜகாத்தைக் குர்ஆன் சொல்லும் எட்டு வகையினருக்கு மட்டுமே கொடுக்கலாம். ஏழை மாணவனுக்கு உதவித்தொகையாகக் கொடுக்கலாம். ஆனால் பள்ளிக் கட்டடம் கட்ட அதை எடுக்கக்கூடாது என்பது பல அறிஞர்களின் கருத்து. வக்ஃபில் மூலதனத்தைத் தொட முடியாது, வருமானம்தான் செலவுக்கு. இது தெரியாமல் கூட்டுத் திட்டம் போட்டால், ஜகாத் பணம் வைத்திருப்பவரிடம், "உங்களிடம்தான் பணம் இருக்கிறதே, கூரையை நீங்கள் போடுங்கள்" என்று இன்னொருவர் சொல்வார், ஜகாத்காரரால் முடியாது, மனக்கசப்பு வரும். எங்கள் பட்டியலில் அரபு அறக்கட்டளைகளுக்கென்றே இருக்கும் பத்தி இது ஒன்றுதான்.

சரி, பட்டியலில் என்ன தெரிந்தது? ஜோர்டானில் அம்மான், இர்பித், மஃப்ரக், சர்கா மாகாணங்கள் நிறைந்திருந்தன. தெற்கே தஃபீலாவும் மஆனும் ஏறக்குறைய காலி. பார்த்தவுடன் பாகுபாடு என்று சிலர் குதித்தார்கள். ஆனால் சிரிய அகதிகளில் பெரும்பாலோர் வசிப்பதே வடக்கிலும் தலைநகரிலும்தான். எல்லாக் காலி இடமும் குறையல்ல.

யாரும் எதிர்பார்க்காத பயன் முடிவுத் தேதிப் பத்தியில் கிடைத்தது. ஒரே ஊரில் எங்களையும் சேர்த்து மூன்று அறக்கட்டளைகளின் ஒப்பந்தங்கள் ஒரே கல்வியாண்டின் கடைசியில் முடிவதாக இருந்தன. நாம் போனாலும் மற்ற இருவர் இருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள். பட்டியல் இல்லாதிருந்தால் மூவரும் ஒன்றாக வெளியேறியிருப்போம், பள்ளி திறக்கும்போதுதான் தெரிந்திருக்கும். ஒருவர் ஓராண்டு நீட்டித்தார், ஒருவர் தொழிற்பயிற்சிக்கு மாறினார். பணம் எங்கே இருக்கிறது என்று அறியத்தான் தொடங்கினோம். எப்போது தீர்கிறது என்பதற்குத்தான் இப்போது எல்லாரும் கோப்பைத் திறக்கிறார்கள். இதைத் தொடங்குபவர்கள் வேறு எது இல்லாவிட்டாலும் அந்த ஒரு பத்தியை விட வேண்டாம்.

இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பிக்கிறோம், ரமலானைத் தவிர்த்து. ஓர் அறக்கட்டளை இன்னும் மொத்தத் தொகை மட்டும்தான் தருகிறது. அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறோம். ஐஏடிஐயில் முறையாக வெளியிடுவது எங்கள் அறக்கட்டளை மட்டும்தான், மற்றவர்களை நெருக்கவில்லை.

போன கூட்டத்தில், நிராகரித்த விண்ணப்பங்களின் பட்டியலையும் பகிரலாமே என்று கேட்டுப் பார்த்தேன். நல்ல திட்டம் ஒன்று நமக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம், இன்னொருவருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம். ஒருவர் மறுத்ததைப் பார்த்து மற்றவர்களும் மறுத்துவிடுவார்கள், அந்தச் சங்கம் எங்குமே தலைகாட்ட முடியாமல் போகும் என்று அம்மான் அம்மையார் சொன்னார். விண்ணப்பித்தவரே சம்மதித்தால் மட்டும் என்று மாற்றி எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.