வயல் எலி வேறு, சாக்கடை எலி வேறு

எலிக்கறி என்றதும் பலர் மனசில் வந்து நிற்பது பேருந்து நிலையச் சாக்கடையிலிருந்து நனைந்த வாலோடு ஏறி வரும் எலி. அதற்கு முகம் சுளித்தால் சுளிப்பில் தப்பில்லை. ஆனால் செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து இருளர்கள் பிடித்துச் சாப்பிடுவது அதை இல்லை. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்த வயலில், பால் பிடித்த நாளிலிருந்து நெல்லையே தின்று கொழுத்த எலியை.

வயலிலும் எல்லாம் ஒரே எலி கிடையாது. வரப்பைக் குடைந்து சின்னக் குன்று போலப் புதுமண்ணைத் தள்ளி வைப்பது வரப்பெலி. நன்றாக வளர்ந்தது கால் கிலோ தேறும். வளைக்குள் கதிர் சேமிக்கும் கெட்டிக்காரன் இதுதான், ஒரே வளையில் கிலோ கணக்கில் நெல் கிடைப்பது உண்டு. மேட்டு நிலத்தில், செம்மண்ணில் இருப்பது வெள்ளெலி. வயிறு வெளுத்திருக்கும், வால் நுனியில் குச்சம் போல மயிர் இருக்கும். சாப்பிடுகிறவர்களைக் கேட்டால் ருசியில் முதலிடம் இதற்குத்தான். மெத்தென்ற மயிருள்ள புல்லெலி அடுத்தது. வயல் சுண்டெலியை யாரும் சீண்டுவதில்லை, எலும்பும் தோலும்தான் மிஞ்சும்.

பிடிப்பதற்கு முன்னால் வளையைப் படிக்கத் தெரிய வேண்டும். வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தால் எலி காலி செய்துவிட்டுப் போய்விட்டது. சந்தேகமாக இருந்தால் சாயங்காலம் வளை வாயை மண் போட்டு மூடிவிட்டுக் காலையில் போய்ப் பார்ப்பார்கள். திறந்திருந்தால் உள்ளே ஆள் உண்டு. வாய் விளிம்பு வழவழப்பாகத் தேய்ந்து, புழுதியில் இழுத்த தடம் தெரிந்தால் உள்ளே இருப்பது நல்ல பாம்பாகவும் இருக்கலாம். கையை விடுகிற வேலையே வேண்டாம்.

புகை போடுவதற்கு மண்பானைதான் பழைய கருவி. பானையின் அடியில் விரல் நுழையும் ஓட்டை ஒன்று. உள்ளே காய்ந்த வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, மேலே கொஞ்சம் பச்சைத் தழை. தழை இல்லாவிட்டால் தீ மட்டும் எரியும், புகை வராது. பானை வாயை வளை வாயில் கவிழ்த்து, சுற்றிலும் ஈர மண்ணால் அடைத்துவிட்டு அடி ஓட்டையில் வாய் வைத்து ஊத வேண்டும். புகை வேறு எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் எலியின் மாற்றுவழி இருக்கிறது. கூட இருப்பவர் அதையெல்லாம் ஒவ்வொன்றாக மிதித்து மூடுவார். ஒன்றை விட்டுவிட்டால் மொத்த உழைப்பும் அந்த ஓட்டை வழியாக ஓடிப்போகும். கால் மணி நேரம் கழித்துக் கடப்பாறையால் தோண்டினால் எலி மயங்கியோ செத்தோ கிடக்கும். உயிர் இருந்தால் கழுத்தைத் திருகி உடனே முடித்துவிடுவார்கள். பக்கத்து அறையில் இருக்கும் கதிரும் வீட்டுக்கு வரும். அலசிக் காயவைத்தால் அதுவும் சோறு.

ஊதுகிறவருக்குத்தான் சோதனை. அனல் திரும்பி வந்தால் உதடும் விரலும் வேகும், புகை நெஞ்சுக்குள் போகும். 2000-களின் தொடக்கத்தில் ஒரு தொண்டு நிறுவனம் கையால் சுற்றும் விசிறி வைத்த இரும்புக் கருவி ஒன்றைச் செய்து இருளர் குடும்பங்களுக்குக் கொடுத்தது இந்தக் கஷ்டத்துக்காகத்தான். தஞ்சாவூர்ப் பக்கம் பெயர் பெற்றது மூங்கில் வில்லில் சுருக்கு மாட்டிய கிட்டி. பொரியோ நெல்லோ வைத்து எலி ஓடும் தடத்தில் நட்டுவிட்டு வந்தால் ராத்திரியில் வில் தெறித்து வேலையை முடித்துவிடும்.

சுத்தம் செய்வதில் வரிசை முக்கியம். முதலில் பொசுக்க வேண்டும், பிறகுதான் அறுக்க வேண்டும். உடம்பு ஆறத் தொடங்கியதும் தெள்ளும் உண்ணியும் அதைவிட்டு இறங்கி அடுத்த சூட்டைத் தேடும், பக்கத்தில் இருக்கும் சூடு உங்கள் கைதான். வைக்கோல் தீயில் புரட்டிப் புரட்டி மயிரைக் கருக்கி, கத்தி முதுகால் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவினால் தோல் ஆட்டுத்தலை வாட்டிய மாதிரி மஞ்சள் பாய்ந்திருக்கும். வால், பாதம், தலையை நீக்கிவிட்டு வயிற்றை மேலாகக் கீற வேண்டும். கத்தி ஆழமாக இறங்கிக் குடலோ மூத்திரப்பையோ கிழிந்தால் நாற்றம் கறி முழுக்க ஏறும். நாற்றம்கூடப் பரவாயில்லை, எலிக்காய்ச்சல் கிருமி இருப்பது அந்த மூத்திரத்தில்தான். கையில் வெட்டுக்காயம் இருக்கிறவர் இந்த வேலையில் உட்காரக் கூடாது. நன்றாக வெந்த கறியால் எலிக்காய்ச்சல் வராது, அறுக்கும்போதும் அலசும்போதும்தான் வரும். ஈரலில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ புள்ளியோ கோடோ தெரிந்தால் புழுவாக இருக்கலாம், அந்த எலியை அப்படியே புதைத்துவிடுவது நல்லது.

சமையலில் ரகசியம் ஒன்றும் இல்லை. அரை கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், நல்லெண்ணெய். மூடி போட்டு அரை மணி நேரம் வேகவிட்டு, பிறகு திறந்து தண்ணீர் சுண்டும்வரை வறுக்க வேண்டும். எலும்பு மெல்லியது, பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது பார்த்துக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு கைப்பக்குவம் தேவைப்படும் ஒரு சாப்பாடு எப்படி வசவாக மாறியது? 2017-இல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழ்நாட்டு விவசாயிகள் தில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது எலியை வாயில் கவ்விக் காட்டினார்கள். வறட்சி நிஜம், கடன் நிஜம், அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எலியைத் தின்கிற நிலைக்கு வந்துவிட்டோம் என்று அந்தப் படம் சொன்னபோது, அதே மாதிரி வரப்பில் எலி பிடித்து ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு வைக்கிற குடும்பத்தை எந்த நிலையில் கொண்டுபோய் வைத்தது? பீகாரில் முசகர் என்ற சாதிப்பெயரே எலியை வைத்து வந்தது, அங்கேயும் பெயர் சொன்னாலே தள்ளி நிற்பார்கள். அருணாசலப் பிரதேசத்தில் ஆதி என்ற பழங்குடி மக்களின் உன்யிங் ஆரான் திருவிழாவிலோ எலி பரிசுப் பொருள். எலி அதேதான். யார் தட்டில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நமக்குக் குமட்டுகிறது.

மத விலக்கு வேறு கணக்கு, அதில் எனக்குச் சண்டை இல்லை. இஸ்லாத்தில் எலி தீங்கு செய்யும் உயிர்களில் ஒன்று, உண்ணத் தகாதது. பைபிளில் லேவியராகமம் அதைத் தீட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. பிள்ளையார் வாகனத்தைத் தின்னலாமா என்பவர்களுக்கு ஒரு சின்னத் தகவல் மட்டும்: வாகனம் என்று நாம் சொல்லும் மூஞ்சூறு பூச்சி தின்கிற பிராணி, எலிச் சாதியே இல்லை.

கொல்கிற விதத்தைக் கேட்டால் அது நியாயமான கேள்வி. புகையில் மூச்சுமுட்டிச் சாவது சுகமான சாவு இல்லை, வளையில் குஞ்சு இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும். கிட்டி அதைவிட மேல், நொடியில் முடிந்துவிடும். ஆனால் இதைக் கேட்கிற பல வீடுகளில் சமையலறை மூலையில் பசை அட்டை இருக்கிறது. அதில் ஒட்டிய எலி தோல் பிய்ந்து, பசியிலும் தாகத்திலும் ஒரு நாள், இரண்டு நாள் கிடந்து சாகும். அட்டையோடு மடித்துக் குப்பையில் போடும்போதும் பல சமயம் உயிர் இருக்கும். விலங்குகள் நல வாரியமே பசை அட்டை வேண்டாம் என்று மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. தின்பதற்குக் கொல்வது கொடுமை, தூக்கி எறிவதற்குக் கொல்வது சுத்தம் என்ற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

உண்மையில் எலிக்கறியைத் தொடாதே என்று சொல்ல வேண்டிய இடம் ஒன்று உண்டு. மருந்து வைத்த வயல். வழக்கமாக வைப்பவை இரண்டு. 2 சதவீதம் கலந்த சிங்க் பாஸ்பைடு இரை எலியின் வயிற்று அமிலத்தில் பட்டு விஷ வாயுவாகி அன்றைக்கே கொல்லும். வயிற்றைக் கீறினால் பூண்டு மாதிரி வாடை வரும், குடலை எடுத்துவிட்டோமே என்று நம்பி அதைச் சமைக்கக் கூடாது. 0.005 சதவீத புரோமடியலோன் கட்டி இன்னும் மோசம், ஏனென்றால் அது மெதுவாக வேலை செய்யும். தின்ற எலி மூன்று நாலு நாள் நடமாடும், ரத்தம் உறையாமல் உள்ளுக்குள்ளேயே கசியும், கடைசியில் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வெளியே வரும். பிடிக்கச் சுலபமான எலி அதுதான், ஆபத்தான எலியும் அதுதான். விஷம் ஈரலில் தங்கிவிடும், கொதிக்கவைத்தாலும் போகாது. அந்த எலியைத் தின்கிற கூகைகளுக்கும் இதே கதி. அவை குறைந்தால் அடுத்த போகத்தில் எலி கூடும், பிறகு மறுபடி மருந்துக்கடை.

பகலில் தானாக வந்து நிற்கும் எலியை எடுக்காதே, அறுத்ததும் வயிற்றுக்குள் உறையாத ரத்தம் தேங்கியிருந்தால் வீசிவிடு. பிடிக்கிறவர் பக்கமிருந்து செய்ய முடிந்தது இவ்வளவுதான். மீதி நிலத்துக்காரர் கையில். மருந்துக் கட்டியை வைத்த அன்றைக்கே வரப்பு முனையில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டி, எலி பிடிக்க வருகிறவர்களிடம் வாயால் சொல்லியும் விட வேண்டும். செத்ததைப் பொறுக்கிப் புதைத்து, ஒரு மாதமாவது அந்தத் துணி அங்கேயே இருக்கட்டும்.