சாத்துக்குடி அளவில் ஒரு குல்லா

கோவையில் எங்கள் குடியிருப்பின் மாடி ஹாலில் சனிக்கிழமை மதியம் 11 பேர் கூடுகிறோம். ஊசியும் நூலும் அவரவர் கொண்டுவர வேண்டும், டீ மட்டும் முறைவைத்து ஒரு வீட்டிலிருந்து வரும். போன வாரம் 36 குல்லா சேர்ந்தது, 9 ஜோடி காலுறை, ஒட்டுத்துணிப் போர்வை 2. எல்லாம் குறைமாதக் குழந்தைகளுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும்.

எனக்கு இந்த ஆசை வந்ததே 2016-இல்தான். அந்த வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுப் பெண்கள், கொக்கி ஊசியால் பின்னுகிற குரோஷே முறையில், 11,148.5 சதுர மீட்டருக்குப் போர்வை பின்னிக் கின்னஸ் சாதனை செய்தார்கள். சாதனையை விட, அப்புறம் அதைத் தனித்தனிப் போர்வைகளாகப் பிரித்து இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்களே, அதுதான் மனதில் நின்றது. அந்த வாரமே குரோஷே ஊசி ஒன்று வாங்கினேன்.

முதல் பை குல்லாக்களை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது எவ்வளவு சந்தோஷமாகப் போனேன் தெரியுமா. பூ வைத்தது, முத்து கோத்தது, உச்சியில் குஞ்சம் தொங்கியது என்று விதவிதமாக இருந்தன. குழந்தைகள் பிரிவிலிருந்த சிஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்த்தார். "அக்கா, அழகா இருக்குதுங்க. ஆனா இந்த முத்து கழண்டு வாய்க்குள்ள போனா என்னங்க பண்றது? கம்பளிய வெந்நீர்ல போட்டா சுருங்கிரும்ங்க." பாதிக்கு மேல் திரும்பி வந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனால் அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நமக்குப் பின்னப் பிடித்ததைப் பின்னிவிட்டு அதைத் தானம் என்று கொண்டுபோய் வைத்திருக்கிறோம்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, உடம்பில் தலை பெரிய பங்கு, அதனால் சூடு தலை வழியாகச் சீக்கிரம் இறங்கிவிடும். கோவை வெயிலில் எதற்கு குல்லா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். கங்காரு தாய்ப் பராமரிப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் ஆரம்பித்தது, இன்குபேட்டர் போதாத இடத்தில் அம்மாவின் நெஞ்சோடு நெஞ்சாகப் பிள்ளையை வைத்துச் சூடு கொடுக்கிற முறை. இப்போது உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. அப்படி வைக்கும்போது பிள்ளைக்கு உடுப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஒரு அணையாடை, காலுறை, தலையில் குல்லா, அவ்வளவுதான். அந்தக் குல்லா தோலை உறுத்தினால் பாவம், அது வாய்விட்டுச் சொல்லவா போகிறது?

அதனால் இப்போது மெல்லிய பருத்தி நூல் மட்டும்தான். பொத்தான், முத்து, நாடா எதுவும் வேண்டாம். நூல் முனையை ஊசியில் கோத்து நாலு பக்கம் ஓட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் இரண்டு துவைப்பில் பிரிந்துவிடும். ஓட்டை ஓட்டையாக வரும் பின்னலும் கூடாது, சின்ன விரல் மாட்டிக்கொள்ளும். அளவுக்குப் பெரிய சாத்துக்குடி ஒன்றை வைத்திருக்கிறோம், சுமார் 28 செ.மீ. சுற்றளவு. நிறைமாதக் குழந்தைக்கு என்றால் உரித்த சின்னத் தேங்காய். முதல்முறை வருகிறவர்கள் தேங்காய்க்குக் குல்லா மாட்டுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள், சாத்துக்குடியைக் கையில் எடுத்துப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள்.

போர்வை வேலை எனக்கு இதைவிடப் பிடிக்கும். திருப்பூரிலிருந்து பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டையாகக் கிடைக்கிறது, ஆனால் அது இழுபடும், சாதாரணக் காட்டன் துணியோடு சேர்த்துத் தைத்தால் கோணிக்கொள்ளும், ஆகவே பனியன் துணிக்குப் பனியன் துணியே ஜோடி. உள்ளே பஞ்சு வைப்பதில்லை, துவைத்தால் காய நாளாகும். பழைய நூல் புடவையை நாலாக மடித்து வைத்து ஓட்டுத் தையல் போடுகிறோம். பலமுறை துவைத்த புடவையின் மென்மை எந்தப் புதுத் துணிக்கும் வராது.

வருகிற சனிக்கிழமைக்கு நூல் புடவை 6 தேவைப்படுகிறது. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, சரிகை மட்டும் வேண்டாம். துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள், கஞ்சி போடாமல்.