கடலூர் உப்பனாற்றில் நங்கூரம் போட்டு ஒரு ராத்திரி

நேற்று சாயங்காலம்தான் புதுச்சேரிக்குத் திரும்பினோம். கயிறு இழுத்ததில் உள்ளங்கை இன்னும் எரிகிறது, ஆனாலும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். நண்பனுடைய 22 அடி பாய்மரப் படகில் கடலூர் போய், ஓ.டி. (ஓல்ட் டவுன்) பக்கம் உப்பனாற்றுக்குள் நங்கூரம் போட்டு, படகிலேயே படுத்து எழுந்து வந்திருக்கிறோம். அருமையான ராத்திரி.

நம்ம கரையில் இதற்குத் தோதான இடம் கிடைப்பதே கஷ்டம். மேப்பை எடுத்துப் பாருங்கள், சென்னையிலிருந்து கோடியக்கரை வரை கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோடு, காற்றுக்கு ஒதுங்க ஒரு விரிகுடா கிடையாது. அந்தக் காலத்துப் பெரிய கப்பல்களெல்லாம் புதுச்சேரிக்கு எதிரே திறந்த கடலில்தான் நின்றன, ஆளும் சரக்கும் மசூலா என்ற, பலகைகளைக் கயிற்றால் தைத்த படகில் கரைக்கு வரும். 1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற ஆங்கிலேயர் கப்பல்களைப் புயல் பிடித்து, சில மூழ்கின, சில கரையேறிப் போயின. ஒதுங்க இடமில்லாத கடல் இது. நம்மைப் போன்ற சின்னப் படகுக்கு ஆறு கடலில் சேரும் இடம்தான் கதி, அதனால்தான் கெடிலமும் பரவனாறும் வந்து சேரும் கடலூரைப் பிடித்தோம்.

புதுச்சேரி மீன்பிடித் துறைமுகம் இருக்கும் தேங்காய்த்திட்டிலிருந்து விடியற்காலை கரைக்காற்றில் கிளம்பினோம், வழியில் சொல்லும்படி ஒன்றுமில்லை. கடலூர் முகத்துவாரத்தில்தான் விஷயமே இருக்கிறது. வற்றத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கும் நேரத்தில், ஆற்றுத்தண்ணீர் வெளியே ஓடிவரும்போது கடல் அலை எதிரே மோதி, மணல்மேட்டின் மேல் எழும்பி உடையும், அந்த நேரத்தில் உள்ளே நுழைவது மடத்தனம். வெளியிலேயே காத்திருந்து, ஏற்றம் பிடித்து கடல்நீர் உள்ளே ஏற ஆரம்பித்ததும் பாயை இறக்கிவிட்டு எஞ்சினில் உள்ளே வந்தோம். பெட்ரோல் செலவானது, பரவாயில்லை, படகு உடைந்தால் அதைவிடச் செலவு.

உள்ளே வந்ததும் ஈயக்குண்டு கட்டிய நூலை விட்டுப் பார்த்தால் ரெண்டு பாகம் தண்ணீர், அதாவது சுமார் 12 அடி. அடியில் சேறு, நங்கூரம் நன்றாகப் புதையும். ஆழத்தோடு அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் 3 அடியையும் சேர்த்து 15 என்று வைத்துக்கொண்டு, அதைப்போல ஐந்து மடங்கு, 75 அடி, சங்கிலியும் கயிறுமாக விட வேண்டும் என்பது கணக்கு. காற்று பலமாக இருந்தால் ஏழு மடங்கு. நங்கூரத்தின் எடை மட்டும் படகைப் பிடித்து நிறுத்தாது. சங்கிலி தரையோடு படிந்து கிடந்து, இழுப்பு பக்கவாட்டில் வந்தால்தான் அது சேற்றைக் கவ்வும். நேர்மேலே இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

பக்கத்து ஃபைபர் படகில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, ஒத்த நங்கூரம் தாங்கும், அத சொல்லல. வெள்ளம் திரும்பறப்ப உங்க படகு சுத்திக்கினு விசைப்படகு போற வழிக்கு வந்துடும். ரெண்டு போடுங்க. ஒண்ணு மொகத்துவாரத்தப் பாத்து, ஒண்ணு ஆத்து உள்ள பாத்து. ரெண்டு கயித்தையும் அணியத்துலயே கட்டுங்க." அப்படியே செய்தோம். ஏற்றத்தில் ஒன்று பிடிக்கிறது, வற்றத்தில் இன்னொன்று, படகு நின்ற இடத்திலேயே திரும்பிக்கொள்கிறது. குறுகலான ஆற்றுக்கு இதைவிடச் சிறந்த வழி கிடையாது என்பேன்.

எஞ்சினைப் பின்னோக்கிக் கொடுத்து இழுத்துப் பார்த்தபோது சங்கிலியின் மேல் கையை வைத்துக்கொண்டேன். முதலில் கரகரவென்று ஒரு நடுக்கம் கையில் ஏறியது, நங்கூரம் உழுதுகொண்டு வருகிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று சங்கிலி இரும்புக்கம்பியாக விறைத்தது. அப்புறம்தான் நிம்மதி. கரையில் ஒரு விளக்குக் கம்பத்தையும் அதன் பின்னால் தெரிந்த செல்போன் டவரையும் ஒரே கோட்டில் குறித்துக்கொண்டோம், கோடு கலைந்தால் படகு நகர்கிறது.

பெட்ரோல் வாங்கக் கரைக்குப் போனதில் ஆட்டோக்காரர் ஐந்து கிலோமீட்டருக்கு 300 ரூபாய் கேட்டார். கேனைப் பார்த்ததும் ரேட் ஏறிவிட்டது! பேசிப் பேசி 220க்கு வந்தது, அதுவும் அநியாயம்தான். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கேனை ஏற்ற மாட்டார்கள் என்பதால் அதே ஆட்டோ. அந்தக் கடுப்பெல்லாம் சாப்பாட்டில் போய்விட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா வீட்டு வாசலிலேயே வைத்து நடத்தும் கடை, சோறும் சங்கரா மீன் குழம்பும் நெத்திலி வறுவலும் தலைக்கு 120. குழம்பில் மாங்காய்த் துண்டு போட்டிருந்தார், மீன் காலையில் இறங்கியது. ரெண்டாவது தடவை சோறு கேட்டதற்குக் காசு வாங்கவில்லை. புதுச்சேரி ஒயிட் டவுனில் நானூறு ரூபாய் கொடுத்தாலும் இந்தக் குழம்பு கிடைக்காது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி கொசு பிய்த்து எடுத்தது, வலை இல்லாமல் போகாதீர்கள். இருட்டிலேயே விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குக் கிளம்பின, ஒவ்வொன்று போகும்போதும் எங்கள் படகு தூக்கித் தூக்கிப் போட்டது. நங்கூரத்தில் நிற்கும் படகு எல்லாப் பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு வெள்ளை விளக்கு எரிய வைத்திருக்க வேண்டும், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை மட்டும் அணைக்கவே கூடாது. அவர்கள் எங்களைச் சுற்றிப் போனதே அந்த விளக்கால்தான்.

காலையில் நங்கூரத்தைத் தூக்குவதற்கு முக்கால் மணிநேரம் பிடித்தது. ஒரு நங்கூரத்தில் பழைய வலையும் கயிறும் சுற்றிக்கொண்டு, கறுப்புச் சேறு அப்பி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். நங்கூரத்தின் தலைப்பக்கம் ஒரு தனிக் கயிறு கட்டி மிதவை விட்டிருந்ததால் எதிர்ப்பக்கமாக இழுத்து எடுக்க முடிந்தது. அது இல்லாவிட்டால் அறுத்துவிட்டு வர வேண்டியதுதான், புது நங்கூரம் விற்கிற விலையில் வயிறு எரியும்.

ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தச் செலவு ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. போவதானால் பொங்கலுக்கு அப்புறம், மார்ச்சுக்குள் போங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தப் பக்கமே வேண்டாம், புயல் காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் ஆற்றுக்குள் கட்டிக் கிடக்கும், நங்கூரம் போட இடம் தேட வேண்டியிருக்கும். கிளம்பும் முன்னால் கடலோரப் போலீஸிடம் சொல்லிவிடுங்கள், ஆதார் கையில் இருக்கட்டும்.