போயிட்டு வர்றேன்

அந்த வரியை நான் தப்பாக மொழிபெயர்க்கவில்லை. மூன்று மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்.

ஜப்பானிய விஷுவல் நாவல்: படம், வசனம், குரல் என்று திரையில் நகரும் கதை விளையாட்டு. அதை ஆங்கிலமாக்குவது எங்கள் வேலை. அம்மா தினமும் காலையில் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே 'இத்தே கிமாஸ்' என்பாள். மகள் உள்ளேயிருந்து 'இத்தே ராஷ்ஷாய்' என்பாள். ஒருநாள் அம்மா திரும்பவில்லை. கடைசிக் காட்சியில், வளர்ந்துவிட்ட மகள் அம்மாவின் படத்தின் முன் நின்று 'இத்தே ராஷ்ஷாய்' என்கிறாள். அவ்வளவுதான், திரை இருள்கிறது.

காலை வரிகளை ஒரு நாள் 'பை மா', ஒரு நாள் 'சீ யூ', ஒரு நாள் 'ஐ'ம் ஆஃப்' என்று மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் ஆங்கிலத்தில் சலிக்கும் என்று எடிட்டரே எழுதியிருந்தார். கடைசி வரி 'டேக் கேர், மாம்' ஆயிற்று.

டெஸ்டிங்கில் இருந்த பெண் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, அது நம்ம 'போயிட்டு வர்றேன்', 'போயிட்டு வா' தானே?"

"ஆமா."

"இங்கிலீஷ்ல அந்த 'வர்றேன்' எங்கக்கா?"

"அது சும்மா வாய்ப்பழக்கம்மா. யாரும் யோசிச்சுச் சொல்றதில்ல."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நான் சொன்னது உண்மைதான். யோசிக்காமல் சொல்கிற வார்த்தை என்பதால்தான் அது வலிக்கும் என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை. இவ்வகைக் கதைகளில் பாசம் பெரிய வசனங்களில் இருப்பதில்லை. 2004இல் வந்த 'கிளானட்' என்ற விஷுவல் நாவலில், தொலைந்துபோன பொம்மை ரோபோவை விடாமல் தேடுவாள் சிறுமி உஷியோ. இன்னொன்று வாங்கலாம் என்றாலும் கேட்கமாட்டாள், அப்பா முதன்முதலாக வாங்கித் தந்தது அது. நான் ஜப்பானிய மொழி படிக்கக் காரணமே அந்த மாதிரிக் காட்சிகள். அப்படிப்பட்டவள், சலிக்கும் என்று பயந்து அந்த ரோபோவையே தினம் ஒரு நிறத்தில் மாற்றி வைத்திருக்கிறேன்.

குரல் ஜப்பானிய மொழியில்தானே ஒலிக்கிறது, அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் பார்க்கிறவர்களுக்குப் புரியாதா என்றும் தோன்றுகிறது. ஒரு புகார்கூட வரவில்லை.

போன வாரம் கோப்பைத் திறந்து காலை வரிகளையெல்லாம் ஒன்றாக்கி, கடைசி வரியை 'கம் பேக் சூன்' என்று மாற்றிப் பார்த்தேன். எடிட்டர் கேட்கப்போவது தெரியும்: அம்மா உயிரோடு இருப்பதாகவா இந்தப் பெண் நினைக்கிறாள்? ஜப்பானிய வீடுகளில் இறந்தவர் படத்தின் முன் நின்று பேசுவது சாதாரணம் என்று பதில்கூட எழுதி வைத்தேன்.

அனுப்பவில்லை. நம் ஊரில் சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் 'போயிட்டு வர்றேன்' சொல்லக்கூடாது. சொல்லாமல்தான் வர வேண்டும். அந்தப் பெண்ணிடம் 'ஆமா' என்றேனே, அதுவாவது சரியா?