இருக்கப் பழகிய ஐயா

பாரிசவாதம் வந்த ஆக்களை இருக்க, எழும்ப, நடக்கப் பழக்கும் வேலை தொடங்கிப் பதினொரு வருடமாகிறது. வீட்டுக்காரர் முதல் நாளே கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எப்ப மிஸ் நடப்பார்?" கட்டில் ஓரத்தில் பிடிக்காமல் இரண்டு நிமிடம் இருக்க முடியாதவரைப் பற்றித்தான் கேட்பார்கள். முதலில் பிடிக்காமல் இருந்து பழகட்டும் அம்மா என்றால் முகம் வாடிவிடும்.

வலிகாமத்து வெங்காயத் தோட்டக்கார ஐயா ஒருவர். இடப்பக்கம் இழுத்துவிட்டது. கட்டிலில் இருத்தினால், நல்லாயிருக்கிற வலக்கையை மெத்தையில் ஊன்றித் தன்னைத்தானே இடப்பக்கம் தள்ளுவார். நான் நிமிர்த்தினேன், அவர் இன்னும் தள்ளினார், நான் இன்னும் பலமாக இழுத்தேன், "என்னை விழுத்தப் போறியே பிள்ளை?" என்று வார்ட்டே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அப்போது வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். குறிப்பில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிட்டு வந்தேன். அந்த வரியை நினைத்தால் இப்பவும் வெட்கம்.

பிடிவாதம் ஒன்றுமில்லை. பாரிசவாதத்துக்குப் பிறகு சிலருக்கு உடம்பு 'நேர்' என்று உணர்வதே சரிந்துபோகிறது. இப்படித் தள்ளுவதை 1985இல் பற்றீசியா டேவிஸ் என்ற இயன்மருத்துவர் விவரித்து எழுதியிருக்கிறார், நானும் படித்ததுதான், ஆனால் படித்தது ஒருபக்கம், கட்டிலில் ஆள் தள்ளுவது இன்னொரு பக்கம். நாங்கள் நிமிர்த்தும்போது அவருக்கு உண்மையாகவே விழுகிற பயம் வருகிறது. எவரும் எதிர்த்துத் தள்ளத்தானே செய்வார்கள்?

நல்ல காலம், பெரும்பாலும் கண் ஏமாறுவதில்லை. பக்கத்தில் நின்ற சேலைன் கம்பியைக் காட்டி, "ஐயா, உது நேரா நிக்குதோ?" என்றேன். "நேராத்தான் நிக்குது." "நீங்கள்?" கம்பியைப் பார்த்தார், தன் தோளைப் பார்த்தார். "சரிஞ்செல்லோ இருக்கிறன்" என்றார். அன்றைக்கு நான் அவரைத் தொடவேயில்லை. வெற்றிலைப் பையை வலப்பக்கம் எட்டத்தில் வைத்தேன், ஊன்றுகிற கையை எடுத்தால்தான் எட்டும், எட்டினால் பாரம் தானாக வலப்பக்கம் போகும். முதல் தரம் விரல் நுனி பட்டதோடு சரி. நாலாம் நாள் பாக்கையும் எடுத்து வாயில் போட்டுவிட்டார், நான் தாதியிடம் ஏச்சு வாங்கினேன், விழுங்கச் சிரமப்படுகிறவரா என்று பாராமல் வைத்தது என் பிழைதான்.

வீட்டுக்குப் போனால் வேறு எதிரிகள். சாய்மனைக் கதிரை முதலாவது. பாசத்தில் அதில்தான் இருத்துவார்கள், முதுகு கூன, இடுப்பு வழுக்க, நாள் முழுக்க. அப்புறம் மனைவி, எழுப்புவதற்கு வலுவில்லாத கையைப் பிடித்து இழுப்பார், தோள்மூட்டு நொந்துபோகும். கையை விட்டு இடுப்பைப் பிடிக்கச் சொன்னேன். முதலில் உயரமான கதிரை, கால் இரண்டும் கொஞ்சம் பின்னால், மூக்கு பெருவிரலுக்கு மேலே வரக் குனிந்து எழும்ப வேண்டும், சாப்பாட்டுக்கு முன் பத்துத் தரம். பழகப் பழகப் பதிவான கதிரை. எழும்பி நிற்கும்போது வலப்பக்கம் சுவர், அதில் தோள் பட்டால் போதும், தள்ளுகிற வேகம் அடங்கும்.

சமநிலையை அளக்க எங்களிடம் பேர்க் அளவுகோல் இருக்கிறது, 14 செயல்கள், மொத்தம் 56 புள்ளி. ஐயா 4இல் தொடங்கி நாலு மாதத்தில் 31க்கு வந்தார். எனக்குப் பெரிய சந்தோசம், அவருடைய மனைவிக்கு 31 என்றால் ஒன்றுமில்லை, விறாந்தையில் தானே இருந்து முகம் வழித்தார் என்பதுதான் பேச்சு.

மகன் மேசன். வார்ட்டில் கம்பி காட்டிய கதையைக் கேட்டுவிட்டுத் தன் தூக்குக் குண்டைக் கொண்டுவந்து ஐயாவின் கதிரைக்கு முன்னால் வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். எனக்கே தோன்றாத யோசனை. கடைசியாகப் போன அன்று ஐயா அந்த நூலைப் பார்த்து நிமிர்ந்து இருந்தார், பிறகு ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கதவு நிலையைப் பார்த்தார்.

"தம்பி, நிலை சரிவடா. ஆர் வைச்சது?"

வைத்தது அவன்தான்.