1950-க்கு முன்னால் ஒரு காகிதம்: பீர்மேட்டுத் தோட்டங்களிலிருந்து கேரள நியமசபைக்கு (சட்டமன்றத்துக்கு) போன வினா

இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களில் தேயிலைத் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்த பட்டியல் சாதித் தமிழ்ப் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போது, அவர்கள் முன் வைக்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: உங்கள் முன்னோர் 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே இந்த மாநிலத்தில் குடியிருந்தார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? இதே விஷயத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் எழுத்து வினாவாக அரசிடம் கேட்க வைத்து, பதில் வாங்கி, அந்தப் பதிலை வைத்துச் சில குடும்பங்களுக்கு வழி திறந்த அனுபவத்தை இங்கே பதிவு செய்கிறேன். நான் வண்டிப்பெரியாறு பகுதித் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்களைப் போன்ற எல்லைப்புறத் தமிழர்களுக்கு இது பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

அந்தத் தேதி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியானது. சாதிப் பட்டியல் மாநிலவாரியானது என்பதால், ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. ஆணை வெளியான நாளில் ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ அந்த மாநிலமே அக்குடும்பத்தின் மாநிலம். இதில் எங்களை வருத்துவது என்னவென்றால், பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகிய பெயர்கள் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு, கேரளப் பட்டியலிலும் உண்டு. ஆனால் பாட்டன் காலத்திலிருந்து இந்த மலையில் கொழுந்து பறித்த குடும்பத்தின் பிள்ளை, நீ தமிழ்நாட்டைச் சேர்ந்தவள் என்று இங்கே திருப்பி அனுப்பப்படுகிறாள். தமிழ்நாட்டிலோ அவளுக்கு வீடும் இல்லை, ரேஷன் கார்டும் இல்லை.

ஆதாரம் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்குத் தோட்ட வாழ்க்கை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கங்காணிமார் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்த காலத்தில் தொழிலாளிக்கு எந்தக் காகிதமும் கொடுக்கப்படவில்லை. குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது, நிலமும் கம்பெனியுடையது. ஆகவே பட்டா இல்லை, நிலவரி கட்டிய ரசீது இல்லை, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்கு எழுதிக் கொடுத்த ஆதாரமும் இல்லை. தொழிலாளியின் பெயர் எழுதப்பட்டிருந்த முக்கிய இடம் தோட்ட அலுவலகத்தின் செக்ரோல் என்னும் ஆள்வருகைப் பதிவேடு. கைமாறிய தோட்டங்களில் பழைய செக்ரோல்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மூடிக்கிடக்கும் தோட்டங்களில் அவை மழையில் நனைந்து அழிந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். மிஞ்சியிருப்பவை பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தோட்ட ஆஸ்பத்திரியின் பிறப்புக் குறிப்பு, சில இடங்களில் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவைதாம்.

இந்தக் கடைசி ஆவணத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1950-ஆம் ஆண்டு ஆணையின் இன்றைய வடிவப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். பாட்டி 1940-களில் இந்தத் தோட்டத்தில் இருந்தாள் என்று காட்டும் ஒரே காகிதம் தேவாலயப் பதிவேடாக இருந்தால், குடியிருப்பை நிரூபிக்கும் அதே தாள் மதத்தைப் பற்றிய சந்தேகத்தையும் எழுப்பிவிடுகிறது. அதைக் கொடுத்தாலும் இடர், கொடுக்காவிட்டாலும் இடர். தனித் தொகுதியான தேவிகுளத்தின் தேர்தல் வழக்கும், வென்ற உறுப்பினருடைய முன்னோர் வந்த காலம், மதம் ஆகிய இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடந்தது. உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் அந்தத் தேர்தலைச் செல்லாது என்றது; உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் அத்தீர்ப்பை ரத்து செய்தது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே உச்ச நீதிமன்றம் வரை போய் நிலைநாட்ட வேண்டியிருந்த ஒன்றை, பிளஸ் டூ முடித்த தோட்டத்துப் பெண் வில்லேஜ் ஆபீஸ் கவுண்டரில் நின்று நிலைநாட்ட வேண்டியிருக்கிறது.

எங்கள் வினா அப்படிப்பட்ட ஒரு பெண்ணால்தான் தொடங்கியது. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தில், அக்ஷயா மையம் (அரசின் இணையச் சேவை மையம்) வழியாக அனுப்பிய அவளது சான்றிதழ் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவளுடைய தாயார் என்னிடம் வந்து, “சார், இவ அப்பாவோட தாத்தா செத்ததும் இந்தத் தோட்டத்துலதான், அவரைப் புதைச்ச இடத்தைக் காட்டுறேன், அது போதாதா?” என்று கேட்டார். அதே நிலையில் இருந்த மற்றக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டோம். மாவட்ட அலுவலகத்துக்கும் துறை அலுவலகத்துக்கும் மனுக்கள் கொடுத்தோம். எங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதும் உரிமையை அரசியல் சாசனத்தின் 350-ஆவது பிரிவும் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தருகின்றன என்பதால் தமிழிலேயே எழுதினோம். மனு பெற்றுக்கொண்டதற்கான சீட்டு வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

அடுத்ததாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, என்ன காரணங்களுக்காக என்று கேட்டோம். நிராகரிப்புகள் காரணவாரியாகத் தொகுத்து வைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. ஏமாற்றம்தான், ஆனால் பின்னால் எங்களுக்கு மிகவும் உதவிய காகிதம் அதுவே.

சட்டமன்ற வினா என்ற யோசனையைச் சொன்னவர் தொழிற்சங்கத்தில் இருந்த ஒரு நண்பர். மனுவுக்குப் பதில் எழுதாமல் ஓர் அலுவலகம் இருந்துவிடலாம். உறுப்பினர் கேட்டு, சபாநாயகர் அனுமதித்த வினாவுக்கு அமைச்சர் பதில் தர வேண்டும், அந்தப் பதில் சபையின் ஆவணமாக நிற்கும், யார் வேண்டுமானாலும் அதை எடுத்துக் காட்டலாம் என்று அவர் விளக்கினார். பிற்படுத்தப்பட்டோர், தோட்டத் தொழிலாளர் பிரச்சினைகளில் தொடர்ந்து வினா எழுப்பிவரும் வேறொரு தொகுதியின் உறுப்பினரை அணுகினோம். திருவனந்தபுரம் பாளையத்தில் உள்ள எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் அவர் எங்களைப் பொறுமையாகக் கேட்டார். வினாவை வடிவமைக்கும் வேலையை அவருடைய உதவியாளரிடம் ஒப்படைத்தார். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த இளைஞரிடமிருந்துதான்.

நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் சபையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணை வினாக்களும் கேட்கலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்தில் மட்டுமே பதில் வரும். எங்களோடு வந்த சிலர் சபையில் முழக்கமாகக் கேட்கப்பட வேண்டும் என்று விரும்பினார்கள். அந்த விருப்பத்தின் பின்னால் இருந்த வேதனை எனக்குப் புரிந்தது. ஆனாலும் குறியிடாத வினாவே எங்களுக்கு ஏற்றது என்று நான் வாதாடினேன். தாலுகா அலுவலகத்தின் மேசையில் வைக்கக்கூடிய ஒரு தாள்தான் எங்களுக்குத் தேவைப்பட்டது.

நாங்கள் கொண்டுபோன மூன்று பக்கக் கோரிக்கையில் வினாவாக ஆகக்கூடியது மிகக் குறைவு என்று உதவியாளர் சொன்னார். வாதம், குற்றச்சாட்டு, அடைமொழி, ஊகம் ஆகியவை வினாவில் இருக்கக் கூடாது. அரசின் கருத்தைக் கேட்கக் கூடாது. சட்டத்துக்கு விளக்கம் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தின் முன் இருக்கும் விஷயத்தைத் தொடக் கூடாது. அப்போது தேவிகுளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால், முன்னோரின் மதம் பற்றிய பகுதி முழுவதையும் எடுத்துவிட்டோம். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ஒரு பகுதிக்காக வினா முழுவதும் தள்ளுபடியாகிவிட்டால் பிள்ளைகளின் இன்னொரு கல்வியாண்டும் போய்விடும் என்ற நிலையில் வேறு வழியும் இல்லை.

செங்கோட்டைக் குடும்பங்களைப் பற்றிய பகுதியை வடிவமைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. எங்கள் தோட்டங்களில் செங்கோட்டை, தோவாளைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். 1950-இல் அந்தத் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன; 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோதுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்குப் போயின. பீர்மேடும் தேவிகுளமும் இந்தப் பக்கமே நின்றன. அப்படியானால் 1952-இல் செங்கோட்டையிலிருந்து பீர்மேட்டுக்கு வந்த ஒருவர் ஒரே மாநிலத்துக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத்தானே வந்தார்? அவரை எப்படிப் பிற மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர் என்று சொல்ல முடியும்? இதைத்தான் நாங்கள் கேட்க விரும்பினோம். இது சட்ட விளக்கம் கேட்பதாகும், அனுமதி கிடைக்காது என்றார் உதவியாளர். அவரே மாற்றி எழுதினார்: 1956-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பின்னர் பிரிந்த பகுதிகளிலிருந்து வந்தோரின் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பது குறித்து வருவாய் அலுவலகங்களுக்கு ஏதேனும் அறிவுறுத்தல் வழங்கப்பட்டுள்ளதா, ஆம் எனில் அதன் நகலைச் சபையில் வைக்க முடியுமா? கருத்தைக் கேட்டால் கருத்துதான் வரும், அறிவுறுத்தலின் நகலைக் கேட்டால் உண்டு அல்லது இல்லை என்று சொல்லியே தீர வேண்டும் என்று அவர் விளக்கியபோது, இந்தப் பணியின் நுணுக்கம் எனக்கு விளங்கியது.

மற்றப் பகுதிகளும் அதே முறையில் அமைந்தன. பீர்மேடு, தேவிகுளம், உடும்பன்சோலை ஆகிய மூன்று தாலுகாக்களில் நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எத்தனை; நிராகரிக்கும்போது காரணம் எழுத்தில் தரப்படுகிறதா; காரணவாரியான பதிவேடு உண்டா, இல்லையெனில் ஏற்படுத்தப்படுமா; தோட்ட செக்ரோல், பள்ளிப் பதிவேடு, தோட்ட ஆஸ்பத்திரிக் குறிப்பு ஆகியவை ஆதாரமாகப் பரிசீலிக்கப்படுகின்றனவா? பதிவேடு பற்றிய பகுதிக்கு எங்கள் தகவல் உரிமைப் பதில்தான் அடிப்படை. வினா மலையாளத்தில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பகுதியையும் குடும்பங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துக்குப் போனது.

எந்த அமைச்சரிடம் கேட்பது என்பதிலும் கவனம் தேவைப்பட்டது. கேரளத்தில் சாதிச் சான்றிதழ் வழங்கலை 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. அதன்படி தாம் இன்ன சாதியினர் என்று நிரூபிக்கும் பொறுப்பு கேட்பவருடையதே. சான்றிதழ் தரும் தாசில்தார் வருவாய்த் துறை. அதனால் கிடைக்கும் உதவித்தொகை பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறை. செக்ரோல் விஷயம் தொழிலாளர் துறையின் கண்காணிப்பில் வரும் தோட்டங்களைச் சேர்ந்தது. மூன்றையும் ஒரே வினாவில் போட்டால் ஒரு துறை மற்றொன்றைக் கைகாட்டும் என்பதால் வருவாய்த் துறையை மட்டும் கேட்டோம்.

முதலில் வந்த பதில், பெரும்பாலான பகுதிகளுக்கு, தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது என்ற ஒரே வரி. குடும்பங்கள் சோர்ந்துபோயின. ஆனால் அந்த வரியை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தகவல் கிடைத்ததும் சபைக்குத் தருவது அரசின் பொறுப்பு, அதை நினைவூட்டிக்கொண்டே இருப்பது உறுப்பினரின் உரிமை. உதவியாளர் சட்டமன்றச் செயலகத்துக்கும் துறைக்கும் விடாமல் எழுதினார். அடுத்த கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தபோது முழுப் பதில் வந்தது.

அது எங்களுக்கு முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். நிலுவை எண்ணிக்கை ஒரு தாலுகாவுக்குச் சரியாக இருந்தது, மற்றவற்றுக்குத் தெளிவாக இல்லை. செங்கோட்டைப் பகுதி குறித்துத் தனி அறிவுறுத்தல் எதுவும் வழங்கப்படவில்லை என்று ஒரு வரி. ஆனால் இரண்டு வாக்கியங்கள் எங்களுக்குப் பெரிதும் உதவின: கிடைக்கும் எல்லா ஆவணங்களோடும் உள்ளூர் விசாரணையையும் சேர்த்தே முடிவெடுக்கப்படுகிறது, நிராகரித்தால் காரணம் எழுத்தில் தரப்படும். நாங்கள் கவுண்டரில் கேட்டுவந்ததோ, 1950-க்கு முந்தைய ஒரே ஒரு காகிதம் இல்லையென்றால் விசாரணைக்கே இடமில்லை என்ற வாய்மொழி.

பதிலின் அச்சுப் பிரதியை இணைத்து எல்லாக் குடும்பங்களும் மறுபடி விண்ணப்பித்தார்கள். அந்தப் பெண்ணின் வழக்கில் வில்லேஜ் ஆபீசர் லயத்துக்கு வந்து முதியவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார். தாத்தாவின் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்து அவளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. நர்சிங் சேர்க்கை அதற்குள் முடிந்திருந்தது. கட்டப்பனையில் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தவளுக்கு இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை வரத் தொடங்கியது. வேறு சிலருக்கும் கிடைத்தது. சிலருக்கு மீண்டும் மறுப்பே வந்தது, ஆனால் இம்முறை காரணம் எழுதப்பட்ட மறுப்பு; அதை வைத்து மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். செங்கோட்டைக் குடும்பங்களின் விஷயம் இன்னும் தீரவில்லை.

இப்போது அடுத்த வினாவின் வரைவு தயாராகிவருகிறது. மூடப்பட்ட, கைவிடப்பட்ட தோட்டங்களின் பழைய செக்ரோல்களும் ஊழியர் பதிவேடுகளும் யாருடைய பொறுப்பில் உள்ளன, அவற்றை மாநில ஆவணக் காப்பகத்துக்கு மாற்றிப் பாதுகாக்க நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளதா என்பது முதல் பகுதி. தேவிகுளம் வழக்கு முடிந்துவிட்டதால், முன்பு எடுத்துவிட்ட தேவாலயப் பதிவேட்டுப் பகுதியையும் சேர்க்கலாம் என்று உதவியாளர் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவேட்டைக் குடியிருப்புக்கான ஆதாரமாக மட்டும் எடுத்துக்கொள்வது குறித்து அறிவுறுத்தல் ஏதும் உண்டா என்று அதில் கேட்கப்போகிறோம். தேவிகுளம், உடும்பன்சோலைப் பக்கத்தில் எழுத்தில் காரணம் தரப்பட்ட மறுப்பு வைத்திருப்பவர்கள் அதன் நகலைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். வினாவின் ஒவ்வொரு பகுதிக்கும் அப்படி ஒரு தாளாவது அடிப்படையாகக் கையில் இருக்க வேண்டும் என்று உறுப்பினரின் அலுவலகம் கேட்டிருக்கிறது.